கோல் வருகிற நேரத்தில் பார்க்கப் போகாதீர்கள்

பவுடர் வாசம். குழந்தைகளுக்குப் பூசுகிற, மெல்லிய, இனிப்பான, ஒன்றும் அறியாத வாசம். போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் மருந்துக்காக நின்றபோது எனக்கு முன்னால் நின்ற இளம் தாய் டப்பாவைத் திறந்து, புறங்கையில் கொஞ்சம் தட்டி முகர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். கடைக்காரர் மருந்துப் பையை நீட்டியபடி நிற்கிறார், என் கை எழவில்லை. உடம்பு சரியில்லையா மிஸ் என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்த வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசம் வரும் என்று என் மூக்கு காத்துக்கொண்டிருந்தது.

நீங்கள் இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். முதியோர் இல்லங்களுக்கும் பராமரிப்பு நிலையங்களுக்கும் அனுமதி கொடுக்கிற, புதுப்பிக்கிற, தேவைப்பட்டால் பறிக்கிற கந்தோர். நான் ஓய்வுக்கு வயது வருமுன்பே அதை விட்டுவிட்டு வந்தவள். ஏன் விட்டேன் என்று உங்களுக்குள் கதை இருக்கும், இருக்கட்டும். உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள், ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று. கதவின் அகலம், குளியலறைக் கைப்பிடி, தண்ணீர்த் தாங்கியின் மூடி, நெருப்பு அணைக்கிற உருளை எல்லாவற்றையும் சுற்றறிக்கை சொல்லித்தரும். நான் சொல்லப்போவது சுற்றறிக்கையில் இல்லை. ஒரு மழைப் பின்னேரத்தில் இருக்கிறது.

பின்னேரம் என்பது எங்கள் கந்தோரின் பழக்கம். காலையில் கூட்டங்கள், கடிதங்கள். மத்தியானத்தில் கிழவிகள் நித்திரை. தேநீர் நேரம் தாண்டிப் போனால் எல்லோரும் குளித்து, தலைவாரி, பொட்டு வைத்து, கதைக்கத் தயாராக இருப்பார்கள். இல்லம் நடத்துபவர்களுக்கும் அந்த நேரம் பிடிக்கும். முன்னறிவிப்பில்லாமல் போகிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். பின்னேரம்தான் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கத்துக்கும் வசதியான நேரம். பிள்ளைகளே, இரண்டு பக்கத்துக்கும் வசதியாக ஒரு நேரம் அமைந்துவிட்டால் கொஞ்சம் பயப்படுங்கள்.

வெள்ளவத்தையில் இல்லங்களுக்குப் பின்னேரம் இன்னொரு காரணத்தாலும் பெரிய நேரம். வீடியோ கோல் வருகிற நேரம் அது. அந்த வீடுகளில் இருக்கிற அம்மாமாரின் பிள்ளைகள் ஒருவர்கூட இந்த ஊரில் இல்லை. சமையல்காரி முதல் காவல்காரன் வரை எல்லோருக்கும் உலகத்துக் கடிகாரம் மனப்பாடம். பிள்ளைகளின் பெயரை யாரும் சொல்வதில்லை. "நோர்வே எடுத்திட்டுது." "ஜெர்மனி இண்டைக்கு எடுக்காதாம், ஆருக்கோ கலியாணம்." தேசங்களே மகன்களாகவும் மகள்களாகவும் பேசிக்கொண்டிருக்கும்.

நான் சொல்கிற வீடு காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில் இருந்தது. பழைய வீடு, இரண்டு பக்கமும் அடுக்குமாடி பிளட்ஸ் எழும்பி நடுவில் அது மட்டும் குனிந்துபோய் நின்றது. நடத்தியவர் வெளிநாட்டில் நீண்டகாலம் தாதியாக வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அம்மா. எல்லோரும் மேற்றன் என்றுதான் கூப்பிடுவார்கள். சுத்தமான பெண். தரையில் முகம் தெரியும். அவருக்குத் துணையாக ஹட்டன் பக்கத்துச் சாந்தி, திடமான கைகளும் எப்போதும் ஈரமான பாவாடை விளிம்பும் கொண்ட பிள்ளை. பகல் முழுவதும் அவள் ஒருத்திதான் தூக்குவதும் குளிப்பாட்டுவதும்.

முன் அறையில், யன்னலோரக் கட்டிலில், ரீச்சர். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். இடுப்பு முறிந்த பிறகு எழும்பி நடந்ததில்லை. ஆனால் பேச்சில் பிரம்பு இருந்தது. நான் போகிற ஒவ்வொரு முறையும் என் கோப்பைப் பார்த்து, "இந்த முறையும் சோதனையோ? கேள்வித்தாள் போன வருசத்து மாதிரித்தானே?" என்பார். நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

அவருக்கு மூன்று தேசம். காலையில் கனடா, படுக்கப்போகுமுன் எடுக்கும். மத்தியானம் அவுஸ்திரேலியா, வேலைவிட்டு வந்து. பின்னேரம் லண்டன், சாப்பாட்டு இடைவேளையில். மூன்றும் ஒரு நாளும் தவறியதில்லை என்று மேற்றன் பெருமையாகச் சொல்வார். மற்ற அம்மாமார் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சிலருடைய தேசம் கிழமைக்கு ஒருமுறைதான் பேசும்.

அன்று அனுமதி புதுப்பிக்கும் பரிசோதனை. நான் போனபோது லண்டன் வந்திருந்தது. பிடியைச் சுற்றிக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி ரீச்சரை நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். நைற்றிக்கு மேலே ஒரு நல்ல சேலையின் முந்தானையை மட்டும் போர்த்தி, தோளில் சட்டை ஊசி குத்தி, முகத்திலும் கழுத்திலும் பவுடர். இடுப்பிலிருந்து கீழே வெள்ளைப் போர்வை. சாந்தி போனை நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை ஒரு முறைகூடத் தாழவில்லை என்பதைக் கவனித்தேன். தொழில் தெரிந்த கை.

மகள் ஏதோ கேட்டாள். "ஓம் பிள்ளை, நல்லா இருக்கிறன். சாப்பிட்டன். நீ முதல் சாப்பிடு, நேரம் போகுது" என்றார் ரீச்சர். திரை அணைந்தது.

என் வேலை முடிந்துவிட்டது. குளியலறை பார்த்தாயிற்று, சமையலறை பார்த்தாயிற்று. மேற்றன் தேநீர் தந்தார். எழும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கொழும்பு மழை, அதுவும் கடற்பக்க மழை, ஒழுங்கையை ஆறாக்கிவிட்டது. கந்தோர் வான் காலி வீதியில் மாட்டிக்கொண்டதாகச் சாரதி போன் பண்ணினார். ஆக நான் தங்கினேன். என் திறமையால் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மழை என்னை வீட்டுக்குப் போகவிடவில்லை, அவ்வளவே.

பரிசோதனை முடிந்த பிறகும் ஒரு வீட்டில் இருந்து பாருங்கள். அது மெல்ல மூச்சு விடும். கூந்தல்கள் அவிழும், தோடுகள் பெட்டிக்குள் போகும், யாரோ முனகத் தொடங்குவார்கள். எல்லோரையும் சாந்தி படுக்கவைத்துக்கொண்டு வந்தாள். ரீச்சரை மட்டும் இல்லை. ஊசி குத்திய முந்தானையோடு, யன்னலைப் பார்த்தபடி, அவர் நிமிர்ந்தே இருந்தார். கண்கள் பளபளத்தன. காய்ச்சல் கண்கள்.

"ரீச்சரை எப்ப படுக்க வைப்பீங்க?" என்று சாந்தியைக் கேட்டேன்.

"அவுஸ்திரேலியா இன்னும் எடுக்கல மிஸ். மத்தியானம் எடுக்கலன்னா இப்ப எடுப்பாங்க. அது வந்த பொறகு."

"எடுக்காட்டி?"

அவள் ரீச்சரின் கழுத்தில் இன்னும் கொஞ்சம் பவுடர் தட்டினாள். முகத்துக்குப் பூசினால் விளங்கும். முகம் ஏற்கெனவே வெள்ளையாக இருந்தது. அவள் கை பின்னால், முதுகுப் பக்கம், போர்வைக்குள்ளும் தூவியது. அப்போதுதான் அந்த இரண்டாவது வாசம் வந்தது. பழம் அழுகத் தொடங்குகிற வாசம் போல, இனிப்புக்குள் இனிப்பாக. ஒரு கணம் வந்து, கடற்காற்றில் போய், மீண்டும் வந்தது.

எங்கள் தொழிலில் ஓர் எழுதாத வழக்கம் உண்டு. உங்களுக்கும் சொல்லித்தந்திருப்பார்கள். நாங்கள் பார்ப்பவர்கள், தொடுபவர்கள் அல்ல. கட்டிலைத் தொடலாம், போர்வையைத் தொடலாம், ஆளைத் தொடுவதில்லை. நல்ல வழக்கம்தான், மரியாதை இருக்கிறது அதில். அன்று அந்த வழக்கத்தின் ஓரத்தில் நின்றேன். மேற்றனைக் கூப்பிட்டேன். ரீச்சரைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டச் சொன்னேன். மேற்றன் கைகளைச் சேலையில் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

"நான் கேக்கிறன், ரீச்சர், பாக்கலாமோ?" என்றேன்.

ரீச்சர் யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "வேண்டாம்" என்றார். பிறகு, "என்னைத் திருப்பாதையுங்கோ. கோல் வரும்."

போர்வையை நானே விலக்கினேன். சாந்தி மறுபக்கம் பிடித்தாள். முதுகின் அடியில், உட்காருகிற எலும்பின் மேல், புண். அதைப்பற்றி நான் விவரிக்கமாட்டேன். பார்ப்பீர்கள், இந்த வேலையில் இருந்தால் ஒரு நாள் நீங்களும் பார்ப்பீர்கள். மேலே ஒட்டியிருந்த துணி சுத்தமாக இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். யாரோ அக்கறையாகக் கட்டியிருந்தார்கள். அதுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது.

மேற்றன் ஓடவில்லை, மறைக்கவுமில்லை. சுவரில் சாய்ந்தபடி மெதுவாகக் கதைத்தார். அவர் தாதி, படுக்கைப் புண் எப்படி வருகிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். ஆளைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும், ஒரே எலும்பின் மேல் பாரம் இருக்கக்கூடாது. ஆனால் இந்த வீட்டில் பாரம் காலையில் கனடாவோடு ஏறி லண்டன் போகும்வரை இறங்குவதில்லை. பிள்ளைகள் வேலை நேரத்துக்கு நடுவில் எடுக்கிறார்கள். சொன்ன நேரத்துக்கு எடுக்க முடிவதில்லை. எடுக்கிறபோது அம்மா படுத்திருந்தால் பதறிப்போய் மேற்றனைத்தான் கேட்பார்கள். ஒருமுறை அப்படி நடந்தது. மூத்த மகன் அன்றிரவே டிக்கெட் போட்டு ஓடிவந்தான், திரும்பிப் போனபோது வேலை இல்லை. அதற்குப் பிறகு ரீச்சரே கட்டளையாகச் சொல்லிவிட்டார், தன்னைப் படுக்கவைக்கக் கூடாது என்று.

"பிள்ளையள் கேக்கிறது முகத்தை, மிஸ்" என்றார் மேற்றன். "நான் முகத்தைக் காட்டினன். நீங்களும் இவ்வளவு காலமும் முகத்தைத்தானே பாத்தனீங்கள்."

அந்த வீட்டில் கொடுமைக்காரர் யாரும் இல்லை. அதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது, அந்த நேரமும் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்த நேரம். தாய் மேல் உயிராய் இருந்த மூன்று பிள்ளைகள். அவர்களைப் பயப்படுத்தக்கூடாது என்ற தாய். தாயின் சொல்லை மீறாத பணிப்பெண். அன்பு அவரை நாள் முழுவதும் நிமிர்த்தி வைத்திருந்தது, அந்தப் புண் அதனால்தான் ஆழமாகிக்கொண்டு போனது.

அம்புலன்ஸுக்குச் சொன்னேன். மழை, காலி வீதி அடைப்பு, வருகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. அடுத்ததாகக் கந்தோருக்குச் சொன்னேன். எங்கள் பணிப்பாளர் தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் சிங்களத்தில் ஒரே வசனம். "வஹலா தாலா எண்ட, மிஸ்." மூடிவிட்டு வாருங்கள். நாளை யாராவது ஒருவர் படம் பிடித்துப் போட்டால், அந்த வீட்டுக்கு நாங்கள்தான் அனுமதி கொடுத்தோம் என்று வரும்; இன்றே மூடிவிட்டோம் என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

மூடுகிற அதிகாரம் என் கைப்பையில் இருந்தது. ஒரு தாள், ஒரு முத்திரை. உங்களுக்கும் அது தரப்படும். கையில் பாரமே இல்லாத பொருள், அதுதான் ஆபத்து.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி இல்லத்தை எங்கள் கந்தோர் ஒரே நாளில் மூடியது. மூடவேண்டிய வீடுதான். ஒரே ஒரு செங்குத்தான படிக்கட்டு, ஒரே வாசல், வாசலில் பூட்டு. சமையலறையில் நெருப்புப் பிடித்தால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். நெருப்பு நாளை வரை பொறுக்காது, ஆகவே மூடினார்கள், அதில் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் அங்கே ஒரே அறையில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள், முகத்துவாரத்துக்காரர். இடம் கிடைத்த இடங்களுக்கு ஆட்களைப் பிரித்தபோது அக்கா ஒரு வானில், தங்கை இன்னொரு வானில். தங்கை இருந்த வானில் நான் போனேன். வழி நெடுகிலும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அக்கா பின்னால வாறாவா?" நான் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வானும் வரவில்லை.

வெள்ளவத்தை வீட்டின் முன் அறையில் நின்றபோது அந்தக் கேள்வி என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உள் அறைகளில் மற்ற அம்மாமார் படுத்திருந்தார்கள். ஏதோ நடக்கிறது என்று அவர்களுக்கு மணத்துவிட்டது. ஒருவர் சாந்தியைக் கூப்பிட்டு மெல்லக் கேட்டார், எங்களையும் கொண்டுபோகப்போகினமோ என்று. மழையில், இருட்டத் தொடங்குகிற நேரத்தில், எங்கே கொண்டுபோவது. இன்னொரு பயமும் இருந்தது. அதிகமாக வெருட்டினால் இல்லம் நடத்துகிறவர்கள் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். மேற்றன் ஏற்கெனவே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன ஆபத்து, யாருக்கு ஆபத்து, எவ்வளவு நேரம் பொறுக்கும். நெருக்கடியில் இந்த மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால் பயம் பதில் சொல்லும். ரீச்சருக்கு ஆபத்து, ஒரு மணித்தியாலமும் பொறுக்காது. மற்றவர்களுக்கு? எனக்குத் தெரியாது. தெரியாததை வைத்து மூடவும் முடியாது, திறந்துவிட்டுப் போகவும் முடியாது. "வாங்கோ மேற்றன், எல்லாரின்ட முதுகையும் பாப்பம்" என்றேன். அப்படிச் சொன்னதும் மேற்றன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார். வேலை கொடுத்தால் தாதி ஓடமாட்டாள்.

ஒவ்வொருவராகக் கேட்டு, ஒவ்வொருவராகத் திருப்பினோம். கூச்சப்பட்டவர்களிடம் மேற்றன் பகிடி விட்டார்: "கனடாவுக்குக் காட்டாத பக்கத்தை எனக்குக் காட்டுங்கோவன்." ஓர் அம்மா சிரித்தேவிட்டார். ஒரு முதுகில் சிவப்பு, இன்னொன்றில் ஒரு சின்னக் கொப்புளம், மற்றவை சுகம். கிழமைக்கு ஒருமுறை கோல் வருகிற அம்மாமாரின் முதுகுகள் சுகமாக இருந்தன. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

முன் அறைக்குத் திரும்பினால் ரீச்சர் பக்கவாட்டில், சாந்தி வைத்த தலையணைகளுக்கு நடுவில், கண்களை மூடியபடி. அம்புலன்ஸ் ஒழுங்கை முனைக்கு வந்துவிட்டது என்று போன் வந்தது. அவர் போகமாட்டேன் என்றார். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவரும் திரும்பி வரவில்லையாம். அது உண்மைதான் என்று மேற்றனின் முகம் சொன்னது. நான் பேசிப் பார்த்தேன். புண்ணைப் பற்றிச் சொன்னேன், காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். கணக்கு ரீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி. ஆனா பிள்ளையளுக்குத் தெரியக்கூடாது. தெரியாமப் போக ஏலுமோ? ஏலாது. அப்ப போகேலாது" என்றார். முடித்துவிட்டார். ஒப்புக்கொள்ளாத ஆளைத் தூக்கிப்போக ஆட்கள் வரமாட்டார்கள்; வந்தாலும் நான் விட்டிருப்பேனா என்று இன்றும் தெரியவில்லை.

அப்போது போன் அடித்தது. அவுஸ்திரேலியா இல்லை. லண்டன், இரண்டாம் தரம். எதையோ சொல்ல மறந்திருப்பாள்.

சாந்தி பாய்ந்து வந்தாள். அந்த ஒலிக்கு அவள் உடம்பு பழகியிருந்தது. ஒரு கையில் பவுடர் டப்பா, மற்றக் கை ரீச்சரின் தோளுக்கு அடியில். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் அந்தத் தாய் காத்துவந்ததை நான் உடைக்கிறேன். எடுக்காவிட்டால் மகள் திரும்பத் திரும்ப எடுப்பாள், ரீச்சர் தன்னை நிமிர்த்தச் சொல்வார், அவ்வளவுதான், எல்லாம் முடியும். வெளியே அம்புலன்ஸ்காரர் குடையோடு வாசலில் நின்றார். குடும்பத்தோடு நாங்கள் பேசக்கூடாது என்பதும் விதி.

"ரீச்சர், நீங்கள் சொல்லுங்கோ" என்றேன். "எடுக்கவோ, விடவோ? எடுத்தா இப்படியே, படுத்தபடி."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கடற்கரையோரத் தண்டவாளத்தில் ஒரு கோச்சி போனது, யன்னல் அதிர்ந்தது. அது போய் முடியுமட்டும் காத்திருந்தவர் போல, "எடு" என்றார்.

சாந்தி போனைப் பிடித்தாள். பழக்கத்தில் நெஞ்சு உயரத்துக்குத்தான் கை போனது. பிறகு குனிந்து, முழங்காலில் இருந்து, தலையணை உயரத்துக்கு இறக்கினாள். திரையில் மகளின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. "அம்மா? ஏன் படுத்திருக்கிறியள்?"

ரீச்சர் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார்.

"முதுகு புண்ணாப்போச்சு பிள்ளை."

"நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனே அம்மா. முகம் நல்லாத்தானே இருந்தது."

"முகத்தில வரேல்லை" என்றார் ரீச்சர்.

மகள் அழத் தொடங்கினாள். தான் வருவதாகச் சொன்னாள், இன்றே டிக்கெட் போடுவதாக. ரீச்சர் வராதை என்றார். மறுபடி, இன்னும் தாழ்ந்த குரலில், வராதை என்றார். மூன்றாம் தரம் அவள் வாறன் என்றபோது அம்புலன்ஸ்காரரைப் பார்த்துக் கையை மட்டும் சற்றே தூக்கினார், வகுப்பில் ஒரு பிள்ளையை எழும்பச் சொல்வது போல. அவர்கள் உள்ளே வந்தார்கள்.

பொரளைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை நானும் அம்புலன்ஸில் கூட இருந்தேன். அடைப்பில் ஒவ்வொரு முறை நின்றபோதும் என் விரல் அவர் மணிக்கட்டில். தொடக்கூடாது என்ற வழக்கத்தை வெள்ளவத்தையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வீட்டை அன்று நான் மூடவில்லை. அடுத்த நாளும் இல்லை; நிபந்தனை போட்டேன்: புதிதாக ஒருவரையும் சேர்க்கக்கூடாது, இன்னொரு பணிப்பெண் இல்லாமல் அனுமதி இல்லை, கோல் எடுப்பதற்கு ஒரு நேரம், அந்த நேரத்துக்கு வெளியே எடுத்தால் அம்மாமார் எப்படி இருக்கிறார்களோ அப்படியே. நானே காலையில் போவேன், அவர்கள் குளிக்குமுன், தலை வாருமுன். பணிப்பாளர் என்னிடம் விளக்கம் கேட்டார், எழுத்தில். கொடுத்தேன். அடுத்த சில கிழமைகள் எப்படிப் போயின என்று உங்களுக்குச் சொன்னால் இந்த வேலையை விட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு போனும் அந்த வீட்டிலிருந்துதான் என்று நினைத்தேன். சிவப்பாக இருந்த அந்த முதுகு புண்ணானால்? மேற்றன் போய்விட்டால்? மூடியிருந்தால் நான் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன். அம்மாமார் எங்கெங்கோ நித்திரையில்லாமல் கிடந்திருப்பார்கள். யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்றால் அது அதிகாரம் இருக்கிறவராக இருக்கட்டும். நான் இந்தத் தொழிலில் கண்டது அவ்வளவுதான். மேற்றன் போகவில்லை. அந்த முதுகு ஆறியது. ஆனால் அது ஆறாமலும் இருந்திருக்கலாம், அதை நீங்கள் மறக்கக்கூடாது.

ரீச்சரை ஆஸ்பத்திரி வாட்டில் கடைசியாகப் பார்த்தது மகள் வந்து இறங்குவதற்கு முதல் நாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. புண் ஆறக் காலம் எடுக்கும் என்று தாதிமார் சொன்னார்கள். சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தார். பவுடர் இல்லாத முகம். அது எவ்வளவு கறுப்பு, எவ்வளவு அழகு என்று அன்றுதான் கண்டேன். நான் சுவர்ப் பக்கம் போய், அவர் கண்ணுக்கு நேரே குந்திக்கொண்டேன்.

"அந்த வீட்டுக்கு எத்தனை மார்க்ஸ் போட்டனீர்?" என்றார்.

"இன்னும் திருத்தி முடியேல்லை, ரீச்சர்."

"நானெண்டாப் பெயில்தான் போடுவன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆனா வகுப்பால வெளியில விடமாட்டன்."

நாளை மகள் வருகிறாள் என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை; தலையணைக்கு அடியில் ஒரு சீப்பு இருந்தது. பார்க்கிற நேரம் முடிந்ததாக மணி அடித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்களின் சொந்தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினார்கள். நானும் எழும்பி, போயிட்டு வாறன் ரீச்சர் என்றேன். தாதிமார் தூரத்தில் நின்றார்கள், அந்த நீண்ட வாட்டின் மறு கோடியில். நான் இரண்டு அடி வைத்திருப்பேன்.

"பிள்ளை" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "போக முதல் என்னை ஒருக்கா மற்றப் பக்கம் திருப்பி விட்டிட்டுப் போம்."